டீச்சர் பதில்கள்: மீன் சந்தையும் சமாதானமும்

"உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன சாதிக்க முடியும்?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "லைபீரியாவில் பெண்கள் மீன் சந்தைப் பக்கம் உட்கார்ந்தே ஒரு போரை முடித்து வைத்தார்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். ஒரு வரி போதாது என்று கட்டுக்கட்டாகக் கடிதங்கள். ஆசிரியரும் "இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆவக்காய் ஏன் பூசணம் பிடிக்கிறது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மீன் சந்தையில் உட்கார்ந்தால் போர் எப்படி நிற்கும்? கதை விடாமல் சொல்லுங்கள் டீச்சர்.
— ச. மு., விருதுநகர்

கதை விட அவசியமே இல்லை, நடந்ததே போதும்.

லைபீரியா மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கும் சின்ன நாடு. 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சார்லஸ் டெய்லர் என்பவரின் ஆட்கள் ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அன்று பிடித்த தீ, நடுவில் சில ஆண்டுகள் தணிந்திருந்து, 2003 வரை எரிந்தது. இரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டின் மொத்த மக்களே அப்போது ஏறக்குறைய முப்பது லட்சம்தான். 1997இல் தேர்தல் நடந்தபோது டெய்லரே பெருவாரியாக ஜெயித்தார். தோற்றால் மறுபடி துப்பாக்கியைத் தூக்குவாரே என்று பயந்து போட்ட ஓட்டுகள் அதில் நிறைய. ஜெயித்தும் அமைதி வரவில்லை. 1999இல் வடக்கே லர்ட் என்ற கிளர்ச்சிப் படை கிளம்பியது, 2003இல் மோடல் என்று இன்னொன்று. எல்லாத் தரப்பிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

அந்தப் பையன்களை வைத்துத்தான் லேமா போவீ வேலை தொடங்கினார். போர் ஆரம்பித்தபோது அவருக்குப் பதினேழு வயது. பிறகு சமூகப் பணி படித்து, லுத்தரன் சபை நடத்திய மனக்காயம் ஆற்றும் திட்டத்தில் சேர்ந்தார். நைஜீரிய வழக்கறிஞர் தெல்மா எகியோர், மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்காக ஒரு சமாதான வலைப்பின்னலை 2001இல் தொடங்கினார். அதன் லைபீரியக் கிளைக்கு லேமாதான் பொறுப்பு. கிறிஸ்தவப் பெண்களைத் திரட்டி நடத்திய ஒரு கூட்டத்தில் அசாட்டு பா கென்னத் என்ற போலீஸ் அதிகாரி எழுந்து நின்றார். இந்தத் தேவாலயத்தில் நான் ஒருத்திதான் முஸ்லிம், ஆனாலும் இதில் நாங்களும் சேருவோம் என்றார். போய் முஸ்லிம் பெண்களைத் திரட்டிக்கொண்டும் வந்தார். இரண்டு பக்கத்திலும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. துப்பாக்கிக் குண்டு மதம் பார்த்தா பாய்கிறது என்று கேட்டுக் கேட்டே அந்த முணுமுணுப்பை அடக்கினார்கள்.

இந்த விஷயம் எழுதுகிறவர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டைப் பெண்களின் படத்தைப் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய அலைச்சல். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடியும் நேரத்தில் மசூதி வாசல், சனிக்கிழமை காலை சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று மாதக்கணக்கில் நடந்தார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் படம் வரைந்தும் கொடுத்தார்கள்.

2003 ஏப்ரலில், தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தையை ஒட்டிய மைதானத்தில் உட்கார்ந்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருக்கிறது சாமர்த்தியம். ஜனாதிபதியின் கார் அணிவகுப்பு தினமும் போக வர அந்தச் சாலைதான். காலையிலும் அவர் பார்த்தாக வேண்டும், மாலையிலும் பார்த்தாக வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைத்துணி, நகை கிடையாது, பூச்சு கிடையாது. பணக்காரி யார், அகதி முகாமிலிருந்து வந்தவள் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. லைபீரியப் பெண்களுக்கு இப்போதே சமாதானம் வேண்டும் என்று ஒரு பதாகை. வெயிலோ மழையோ, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

ஏப்ரல் 23ஆம் தேதி டெய்லர் அவர்களைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாளிகைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே போன லேமா, தன் பேச்சை டெய்லருக்குச் சொல்லாமல் அங்கே இருந்த செனட் தலைவி கிரேஸ் மைனரைப் பார்த்துச் சொன்னார். மேடையில் இருந்த ஒரே பெண் அவர்தான். போரில் சலித்துப்போனோம், ஓடி ஓடிச் சலித்துப்போனோம், நிவாரணக் கோதுமைக்குக் கையேந்திச் சலித்துப்போனோம் என்று பட்டியல் போட்டார். பேச்சுவார்த்தைக்கு வருகிறேன் என்று டெய்லர் ஒப்புக்கொண்டார். கிளர்ச்சிக்காரர்களையும் அழைத்துவர வேண்டுமே? எட்வீடா கூப்பர் என்ற மூத்த பெண்மணியும் சிலரும் பக்கத்து நாடான சியரா லியோனின் தலைநகருக்குப் போய், அங்கே ஹோட்டலில் இருந்த லர்ட் தலைவர்களைப் பிடித்தார்கள். அவர்களும் சம்மதித்தார்கள்.

ஆகவே ச.மு. அவர்களே, உட்கார்ந்ததால் மட்டும் போர் நிற்கவில்லை. அதற்கு முன்னால் நடந்தார்கள், பின்னால் ஓடினார்கள்.

கணவன்மார்களைக் கிட்டே சேர்க்காமல் ஒதுக்கி வைத்ததால்தான் போர் நின்றது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
— பெயர் வேண்டாம், சேலம்

அப்படி ஒரு அறிவிப்பு வந்தது உண்மை. அதனால்தான் போர் நின்றது என்பது வீடியோக்காரரின் வயிற்றுப்பாடு. நடைமுறையில் அதனால் பெரிய பலன் ஒன்றுமில்லை, ஆனால் பத்திரிகைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான் என்று லேமாவே எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அவரைப் பேட்டி காண்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். மாதக்கணக்காக வெயிலில் கிடந்ததைக் கேட்க ஆளில்லை. நீங்களும் பெயர் வேண்டாம் என்று போட்டுக்கொண்டு அதைத்தானே கேட்டிருக்கிறீர்கள்!

பேச்சுவார்த்தை மண்டபத்தில் ஆடையைக் களைவேன் என்று ஒரு பெண் சொன்னதும் காவலர்கள் பின்வாங்கினார்கள் என்று படித்தேன். ஆயுதத்துக்குப் பயப்படாதவர்கள் இதற்கா பயப்படுவார்கள்?
— இரா. தே., மன்னார்குடி

அதுவும் லேமாதான், அதே 2003. கானாவின் தலைநகர் அக்ராவில் ஜூன் 4ஆம் தேதி பேச்சுவார்த்தை தொடங்கியது. அன்றைக்கே சியரா லியோன் போரின் குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட, மனிதர் கைதுக்குப் பயந்து ஊருக்குப் பறந்துவிட்டார். மற்றவர்கள் கானாவிலேயே தங்கிப் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். வாரக்கணக்கில் ஹோட்டல் அறை, வேளா வேளைக்குச் சாப்பாடு, எந்த இலாகா யாருக்கு என்ற பேரம். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

கானாவில் புதுபுராம் என்ற இடத்தில் லைபீரிய அகதிகளின் முகாம் இருந்தது. அங்கிருந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மன்ரோவியாவிலிருந்து வந்தவர்களும் தினமும் மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்தார்கள். ஜூலை 21ஆம் தேதி மன்ரோவியாவில், அமெரிக்கத் தூதரகத்தை ஒட்டி அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மேல் குண்டு விழுந்த செய்தி வந்தது. அதற்கு மேல் அவர்கள் பொறுக்கவில்லை. சுமார் இருநூறு பெண்கள் மண்டபத்துக்குள் போய், கதவை அடைத்துக் கையோடு கை கோத்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ஆகும் வரை ஒருவரும் வெளியே போகக் கூடாது, சாப்பாடும் உள்ளே வராது. நடுவராக இருந்தவர் நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர். மண்டபத்தை ஜெனரல் லேமாவும் அவர் படையும் கைப்பற்றிவிட்டார்கள் என்று அவர் அறிவித்தாராம். காவலர்கள் லேமாவைக் கைது செய்ய வந்தபோது, அவர் தலைத்துணியை அவிழ்த்து ஆடையில் கை வைத்தார். காவலர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஏன்? தாய் ஸ்தானத்தில் இருக்கிற ஒருத்தி வேண்டுமென்றே ஆடையைக் களைந்து நின்றால், அதைப் பார்த்த ஆணுக்கும் அவன் குலத்துக்கும் அது சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் பல சமூகங்களின் நம்பிக்கை. மண்டபத்துக்குள் இருந்த ஒரு படைத்தலைவர் பெண்களைத் தாண்டிக்கொண்டு வெளியேறப் பார்த்தார். அபூபக்கர் அவரை அதட்டி உட்கார வைத்தார். சொந்த மக்களைக் கொல்லாதவனாக இருந்தால் உன்னை ஆம்பிளை என்பேன் என்ற ரீதியில் போனது அந்த அதட்டல்.

எனக்கு இதில் ஆச்சரியம் குறைவு. எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கு நைஜீரியாவில், உமுவாகியா பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். அப்போது இங்கிருந்து நிறையப் பேர் அப்படிப் போனோம். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி ஒரு மூத்த இக்போ இன டீச்சருக்கு. அவர்கள் ஊர் வழக்கத்தை அவர்தான் சொன்னார். பெண்டாட்டியை அடிக்கிறவன், சந்தை ஒழுங்கை மீறுகிறவன் யாராவது இருந்தால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடி ராத்திரி அவன் வீட்டு முற்றத்துக்குப் போவார்கள். அவனைக் கேலி செய்து பாட்டுக் கட்டிப் பாடுவார்கள், உலக்கையால் சுவரை இடிப்பார்கள். மன்னிப்புக் கேட்டு அபராதம் கட்டும் வரை நகரமாட்டார்கள். வீட்டு ஆண்கள் யாரும் தடுக்க வரமாட்டார்களாம்.

1929இல் ஆங்கிலேய அரசு நியமித்த ஒரு தலைவர், உமுவாகியாவுக்கு அருகே ஓலோகோ என்ற ஊரில், வீட்டு ஆடு, பெண்டு பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆள் அனுப்பினார். பனங்கொட்டையில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண், "உன் அம்மாவை எண்ணினார்களா?" என்று அந்த ஆளைத் திருப்பிக் கேட்டார். வரி வரப்போகிறது என்று ஊருக்கு ஊர் சேதி பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் அந்தத் தலைவர் பதவி முறையை அரசு பிறகு மாற்றத்தான் வேண்டியிருந்தது. இதை என் சக டீச்சர் சொன்னபோது சொந்தப் பாட்டி கதை போலத்தான் சொன்னார். கென்யாவிலும் 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் நைரோபி பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது, போலீஸ் தடியடிக்கு எதிராகச் சில தாய்கள் ஆடையைக் களைந்தார்கள். சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் அவர்களோடு இருந்தார். போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெண் என்றாலே அன்பு, அமைதி, பொறுமை. ஆட்சியைப் பெண்களிடம் கொடுத்துவிட்டால் உலகில் போரே இருக்காது, சரிதானே அம்மா?
— வெ. கி., காரைக்குடி

சரியில்லை. 1994இல் ருவாண்டாவில் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் அளவுக்குக் கொல்லப்பட்டார்கள். அப்போது அந்நாட்டின் குடும்ப நலம் மற்றும் பெண்கள் நலத்துறை அமைச்சர் போலீன் நியிராமாசுஹுகோ, ஒரு பெண். இன அழிப்புக்காகவும் பாலியல் வன்கொடுமைக்காகவும் 2011இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அது 47 ஆண்டாகியது. லைபீரியாவிலேயே லர்ட் படையில் பெண்கள் பிரிவு ஒன்று இருந்தது. அதன் தலைவி பிளாக் டைமண்ட் என்ற பட்டப்பெயரில் பேர் போனவர்.

இப்படி அன்பே உருவானவர்கள் என்று புகழ்வதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. "அவர்களுக்கு அன்பு தெரியும், அரசியல் தெரியாது" என்று சொல்லிப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி போடாமல் விடுவதற்கு அது வசதி. சமாதானத்துக்கு உழைத்த இந்தப் பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிறப்பில் வந்த குணமில்லை, தொழிலில் வந்த அறிவு. எந்தப் பாதையில் எந்தப் படை காவல் நிற்கிறது, எந்தப் படைத்தலைவனின் அம்மா எந்தச் சந்தையில் கடை போட்டிருக்கிறாள் என்று காய்கறி விற்கிறவளுக்குத் தெரியும். 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் பியாஃப்ரா பிரிவினைப் போர் நடந்தபோது உப்புக்கும் கருவாட்டுக்கும் எதிரிப் பகுதிக்குள் நடந்துபோய் வியாபாரம் செய்து திரும்பியவர்கள் பெண்கள்தான். ராணுவத்துக்குத் தெரியாத வழியெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நடக்கிற போரை நிறுத்தியதைச் சொன்னீர்கள். சண்டை பெரிதாகாமல் முன்கூட்டியே தடுத்தவர்கள் உண்டா?
— பா. ஜெ., தூத்துக்குடி

உண்டு. வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கென்யாவின் வடகிழக்கு மூலையில் வஜீர் என்று வறண்ட பிரதேசம். ஒட்டகமும் ஆடும் மேய்க்கிற சோமாலி மொழி பேசும் மக்கள். அஜுரான், டெகோடியா, ஒகாதேன் என்று பல குலங்கள். 1991இல் பக்கத்து நாடான சோமாலியாவில் ஆட்சி கவிழ்ந்ததும் அகதிகளோடு துப்பாக்கிகளும் எல்லை தாண்டி வந்தன. அதே சமயம் கடும் வறட்சி. ஆடு திருடினால் ஆள் கொலை, அந்தக் கொலைக்குப் பழியாக இன்னொரு கொலை என்று போனது. அரசாங்கம் தூரத்தில் இருந்தது, இருந்த இடத்திலும் மக்களுக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

குலச் சண்டை வஜீர் நகரச் சந்தைக்குள்ளும் வந்துவிட்டது. அந்தக் குலத்துக்காரியிடம் பால் வாங்காதே, இந்தக் குலத்துக்காரியைக் கடை போட விடாதே என்று பெண்களுக்குள்ளேயே அடிதடி. 1992இல் ஒரு கல்யாண வீட்டில் கூடிய சில படித்த பெண்கள், இதை இப்படியே விட்டால் நாளைக்கு நம் வீட்டிலும் பிணம் விழும் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் டெகா இப்ராஹிம் அப்தி, அப்போது இருபத்தெட்டு வயது.

அவர்கள் ஐ.நா.வுக்கு மனு எழுதவில்லை. சந்தையைப் பிடித்தார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் இங்கே பயமில்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்று முதலில் ஒரு விதி. அதைக் கண்காணிக்க எல்லாக் குலத்திலிருந்தும் பெண்கள் கொண்ட ஒரு குழு. தகராறு என்றால் அன்றைக்கே அந்தக் குழுவிடம் வந்தாக வேண்டும். சந்தை அடங்கியதும் குலப் பெரியவர்களிடம் போனார்கள். சண்டையில் சம்பந்தப்படாத மிகச் சிறிய குலங்களின் பெரியவர்களை நடுவே உட்கார வைத்துப் பேச்சைத் தொடங்கினார்கள். பெரிய குலத்தில் யாரை நடுவராக வைத்தாலும் அடுத்தவன் ஏற்கமாட்டான். சின்னக் குலத்துப் பெரியவரால் யாருக்கும் ஆபத்தில்லை. 1993இல் அல் ஃபதா பிரகடனம் என்ற உடன்பாட்டில் பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. இளைஞர்கள், வியாபாரிகள், மதப் பெரியவர்கள் என்று ஒவ்வொரு வகையினரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். எங்காவது ஒட்டகம் களவு போனது என்றால் பெரியவர்கள், பெண்கள், போலீஸ் என்று கலந்த ஒரு குழு வண்டி ஏறி அந்த இடத்துக்கே போகும். களவு போனது திரும்பி வரும், இல்லையென்றால் நஷ்ட ஈடு உண்டு. பழிவாங்க நேரமே கொடுக்கக் கூடாது என்பது கணக்கு. 1995இல் மாவட்ட வளர்ச்சிக் குழுவுக்குள்ளேயே சமாதானக் குழுவுக்கு ஓர் இடம் கிடைத்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அரசாங்கக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் ஏறினால்தான் வண்டிக்கு டீசல் கிடைக்கும். பிறகு இந்த மாதிரியான உள்ளூர் சமாதானக் குழுக்கள் கென்யாவின் மற்றப் பகுதிகளுக்கும் போயின. டெகாவுக்கு 2007இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. 2011இல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார், நாற்பத்தாறு நாற்பத்தேழு வயதில்.

தடுத்துவிட்ட சண்டைக்குச் செய்தி கிடையாது, படம் கிடையாது. அதனால்தான் லேமாவைக் கேட்டு இருபது கடிதம் வந்தால் டெகாவைக் கேட்டு ஒன்றுகூட வருவதில்லை.

சோமாலியாவில் பெண்கள் தனியாக ஒரு ஜாதியே ஆரம்பித்தார்களாமே?
— ந. ர., பெரம்பூர்

ஜாதி இல்லை, குலம். விஷயம் இதுதான். 2000ஆம் ஆண்டு, பக்கத்து நாடான ஜிபூத்தியில் ஆர்ட்டா என்ற ஊரில் சோமாலியா பற்றிய சமாதான மாநாடு. நான்கு பெரிய குலங்கள், சிறிய குலங்களெல்லாம் சேர்ந்து ஐந்தாவது அணி, ஆக ஐந்து வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஒவ்வொரு குலமும் ஆண்களைத்தான் அனுப்பும். பெண் பிறந்த குலம் ஒன்று, புகுந்த குலம் வேறு. பிறந்த வீடு "நீ கட்டிக்கொடுத்தவள்" என்கிறது, புகுந்த வீடு "நீ வெளியே இருந்து வந்தவள்" என்கிறது. இது நமக்கு விளக்க வேண்டிய சமாசாரமா?

ஆஷா ஹாஜி எல்மியும் அவர் தோழிகளும் அதையே திருப்பிப் போட்டார்கள். உங்கள் ஐந்திலும் எங்களுக்கு இடமில்லை என்றால் நாங்கள் ஆறாவது குலம் என்றார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் 245 இடங்கள் கொண்ட இடைக்காலச் சபையில் 25 இடங்கள் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. 2004இல் அடுத்த ஒப்பந்தத்தில் ஆஷாவே கையெழுத்திட்டார். சோமாலியச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட முதல் பெண் அவர். சோமாலியா அதன் பிறகும் அமைதியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் சி.ஆர்.பி.எஃப். முகாம் இருக்கிறது. லைபீரியாவுக்கு நம் பெண் வீரர்கள் போனதாக ஒருவர் சொன்னார். எதற்கு?
— ல. வி., ஆவடி

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 2007 ஜனவரியில், ஐ.நா. அமைதிப் பணியில் முழுக்கப் பெண்களே கொண்ட முதல் காவல் பிரிவாக, சி.ஆர்.பி.எஃப். பெண்கள் நூறு பேருக்கு மேல் மன்ரோவியாவில் போய் இறங்கினார்கள். ஜனாதிபதி அலுவலகக் காவல், இரவு ரோந்து, கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால் அடக்குவது, இதெல்லாம் வேலை. ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாற்றி, 2016 வரை அங்கே இருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சியும் கொடுத்தார்கள். லைபீரியப் போலீஸில் பெண்கள் சேர்வது அந்தக் காலத்தில் கூடியதற்கு இவர்களும் ஒரு காரணம் என்று ஐ.நா. பல முறை சொன்னது. துப்பாக்கி வைத்திருந்தவன் தன்னை என்ன செய்தான் என்று ஒரு பெண் புகார் சொல்ல வரும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு துப்பாக்கிக்கார ஆண் உட்கார்ந்திருந்தால் அவள் எப்படி வாய் திறப்பாள்? முகாம் பக்கம் அப்படிப் போய் வந்தவர் யாராவது ஓய்வுபெற்று இருந்தால், இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்களேன்.

ஒப்பந்தம் ஆனதும் பெண்களுக்கு வணக்கம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? அதுதானே எங்கும் நடக்கிறது.
— செ. ப., திருநெல்வேலி

அனுப்பத்தான் பார்த்தார்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதி டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். 18ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இடைக்கால அரசில் பெரும்பாலான இலாகாக்கள் யாருக்குப் போயின என்று நினைக்கிறீர்கள்? சண்டை போட்ட தரப்புகளுக்கே. ஆனால் பெண்கள் ஒப்பந்தத்தை எளிமையாக்கி ஊர் ஊராக எடுத்துச் சொன்னார்கள். எந்தத் தேதிக்குள் என்ன நடக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் மாதம் ஐ.நா. ஆயுதம் வாங்கும் முகாமைத் திறந்தது. ஆயுதம் கொடுத்தால் பணம் என்று அறிவித்திருந்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பையன்கள் வந்து குவிய, பணம் எங்கே என்று கலவரமாகி, ஊருக்குள் துப்பாக்கிச் சூடு. இந்தப் பையன்களை எங்களுக்குத் தெரியும், இப்படிச் செய்யாதீர்கள் என்று பெண்கள் சொல்லியிருந்ததை நிபுணர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பெண்களே முகாம்களுக்குப் போய்ப் பையன்களிடம் பேசி அமர்த்தினார்கள். 2004 ஏப்ரலில் மறுபடி தொடங்கி, முடிவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவானார்கள்.

2005 தேர்தலில், கடையை விட்டு வர முடியாத சந்தைப் பெண்களிடம் "கடையையும் குழந்தையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய்ப் பேரைப் பதிந்துவிட்டு வா" என்றார்கள். எல்லன் ஜான்சன் சர்லீஃப் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வேயாவைத் தோற்கடித்து, ஆப்பிரிக்காவில் தேர்தலில் ஜெயித்த முதல் பெண் ஜனாதிபதியானார். 2011இல் எல்லன், லேமா, ஏமன் நாட்டு தவக்குல் கர்மான் மூவருக்கும் நோபல்.

எல்லாம் சுபம் என்று போடலாமா? முடியாது. போரின் தொடக்கத்தில் டெய்லரை ஆதரித்ததற்காக எல்லனைப் பதவிகளிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று லைபீரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2009இல் பரிந்துரைத்தது. லேமாவும் 2012இல் எல்லன் கொடுத்த நல்லிணக்கப் பொறுப்பிலிருந்து விலகி, மகன்களுக்குப் பதவி கொடுக்கிறார் என்று வெளிப்படையாகவே விமர்சித்தார். டெய்லருக்கு 50 ஆண்டு சிறை கிடைத்தது, ஆனால் அது சியரா லியோனில் நடந்ததற்கு. லைபீரியாவில் நடந்ததற்கு அந்த நாட்டு நீதிமன்றத்தில் இதுவரை யாரும் போர்க்குற்ற விசாரணையில் நிற்கவில்லை. அதற்கான நீதிமன்றத்தை அமைக்க ஓர் அலுவலகம் திறக்க 2024இல்தான் ஜனாதிபதி ஜோசஃப் போகாய் ஆணையில் கையெழுத்திட்டார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஐ.நா. தீர்மானம் 1325 பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள் டீச்சர். கதை வேண்டாம், குறிப்பு போதும்.
— கு. அ., தருமபுரி

இவ்வளவு கதை சொன்ன பிறகா! சரி, எடுத்துக்கொள்ளுங்கள்.

2000 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றியது. பெண்கள், அமைதி, பாதுகாப்பு என்ற தலைப்பில் வந்த முதல் தீர்மானம். அந்த மாதம் அவைக்குத் தலைமை வகித்த நாடு நமீபியா, சுதந்திரம் வாங்கிப் பத்தே ஆண்டான ஆப்பிரிக்க நாடு. அதே ஆண்டு மே மாதம் நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் வெளியான பிரகடனம் இதற்கு முன்னோடி. சாரம்: மோதலைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் முடிவெடுக்கும் எல்லா நிலைகளிலும் பெண்களுக்கு இடம் வேண்டும், போரில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

பலன் கேட்டால் இதையும் எழுதுங்கள். 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய சமாதானப் பேச்சுகளில் பேச்சாளர்களில் பெண்கள் சராசரியாக 13 சதவீதம், நடுவர்களில் 6 சதவீதம், கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம். தேதியில் குழப்பம் வராமலிருக்க: தீர்மானம் 2000, லைபீரிய ஒப்பந்தம் 2003, நோபல் 2011. தேர்வு முடிந்ததும் இதிலிருந்து ஏதாவது கேட்டார்களா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.